ஸ்டார்ட்டர் பெட்டித் தேனீக்கள்

ஆகஸ்ட் 26

உரக்கடையில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை மாதம் டி.வி.க்குக் கீழே சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏதோ ஒரு பூச்சி மருந்துக்கு விளம்பரம். என் கைக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிப் பெண் சொல்லிவிட்டாள், “தினமும் கை எதுவரை தூக்க முடியுதுன்னு எழுதிட்டு வாங்கம்மா.” அவள் பேச்சை மீறினால் மெஷினில் வைத்து இன்னும் முறுக்குவாள். அதனால் எழுதுகிறேன்.

வலது கை: தோள்வரை. அதற்கு மேல் போனால் உயிர் போகிறது. கழுத்தில் தொட்டில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

“கையை மேலே தூக்கி என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று கேட்டாள். பாகல் பூவுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறேன் என்றேன். சிரித்தாள். நிஜமாகவே அதுதான் என் வேலை. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சோடு இருக்கிற பெண் பூவின் மேல் தொட்டு வைக்க வேண்டும். பந்தல் என் தலைக்கு மேலே. விடியும்போது பூ விரியும், வெயில் ஏறினால் வாடிவிடும். அதற்குள் முடிந்த மட்டும் தொட வேண்டும். தொடாத பூவின் பிஞ்சு மஞ்சளாகி வெம்பி உதிர்ந்துவிடும்.

தேனீ செய்த வேலை இது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதைக் கண்டு வருடங்கள் ஆகின்றன.

ஆகஸ்ட் 27

கை: தோள்வரை.

தொட்டிலோடு பாகல் காட்டுக்குப் போனேன். இடது கையால் தொட்டேன். இடது கைக்குப் பழக்கமில்லை, பாதிப் பூவைப் பிய்த்துப் போட்டேன். இவர், என் வீட்டுக்காரர், வரப்பில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு, “இந்தத் தடவையும் பிஞ்சு நிக்கலைன்னா கொடிய அறுத்துட்டு காட்டக் குத்தகைக்கு விட்ருவோம் தவமணி. மலையேறி ஏலத்தோட்டத்து வேலைக்குப் போவோம்” என்றார். நிதானமாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

மகள் சுகன்யா நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அவள் லீவுக்கு வந்தால் பூட்டிய வீட்டுக்கா வருவாள்?

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் வழக்கம்போல விடியலிலேயே மருந்து அடித்தார்கள். புகையாக இந்தப் பக்கம் வந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஏற்கனவே ஒரு கை போச்சு, பொத்துவதற்கு இன்னொரு கை. பூத் தொட எது மிச்சம்?

ஆகஸ்ட் 28

கை: அதே.

பக்கத்துத் தோட்டம் வேறு யாருடையதும் இல்லை, இவருடைய அண்ணனுடையது. மாமனார் காலத்தில் இரண்டும் ஒரே திராட்சைப் பந்தல். பாகம் பிரித்தபோது நடுவில் நிற்கிற கல்தூண் வரிசை யாருக்கு என்று பேச்சு வந்தது. பேச்சு வளர்ந்தது. இவர் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து பந்தல் கம்பியை நறுக்கிவிட்டார். ஒன்பது வருடம் ஆகிறது, அண்ணனும் தம்பியும் ஒரு சொல் பேசவில்லை. கிணறு மட்டும் இரண்டு பேருக்கும் பொது. ஒரு நாள் அவர்கள் முறை, மறுநாள் எங்கள் முறை.

நான் மச்சாண்டாரோடு பேசாதது வேறு கணக்கு. எங்கள் பக்கம் கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. அவர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ பிள்ளையிடமோ சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவரை நான் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. நல்லவேளை, அவர் மனைவி, என் ஓரகத்தி இந்திராணி அக்காவோடு எனக்குச் சண்டையில்லை. ஆண்களுக்குத் தெரியாமல் எங்கள் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த அக்காவும் நாளைக்குத் திருப்பூர் போகிறாள், மகளுக்குப் பிரசவம். பல் தேய்க்கும்போது வேலி ஓரமாக வந்து சொன்னாள். “காலையில மருந்து அடிக்காம இருக்கச் சொல்லுக்கா, பூ வாடுது” என்று சொல்ல நினைத்தேன். என் தொட்டிலைப் பார்த்து அவள் அழுத அழுகையில் மறந்துவிட்டது.

செப்டம்பர் 1

கை: தோளுக்கு ஒரு விரல் மேலே. பிசியோ பெண் கை தட்டினாள்.

திராட்சைத் தோட்டத்தில் மருந்துச் சத்தம் காலையில் இல்லை. மூன்று நாளாகப் பொழுது சாய்ந்த பிறகுதான் மோட்டார் ஓடுகிறது. அங்கே வேலை பார்க்கிற சீனி விடியலில் எழுந்திருப்பதில்லை போல. அக்கா ஊரில் இல்லையென்றால் எல்லாருக்கும் குளிர்விட்டுப் போகிறது.

செப்டம்பர் 4

உளுந்து அரைத்தேன். கிரைண்டர் பெல்ட் அறுந்தது. மூன்று பாத்திரத்தில் அரைகுறை மாவு. பிஞ்சு பத்துக்கு ஏழு வெம்புகிறது.

செப்டம்பர் 8

கை: வாய்வரை. சோறு வலது கையால் சாப்பிட்டேன். இதை ஒரு பெரிய விஷயமாக எழுதுவேன் என்று போன வருடம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

பூத் தொடும்போது யோசனை வருகிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஹைவே ஓரத்துப் புளியமரங்களில் பெரிய பெரிய தேனடைகள் தொங்கும். ரோட்டை அகலமாக்கும்போது மரங்களை வெட்டினார்கள். வேலியில் கிளுவையும் ஆவாரையும் பூத்துக் கிடக்கும். கம்பி வேலி போட்டபோது அவையும் போயின. மிச்சத்தை மருந்து பார்த்துக்கொண்டது. இந்தப் பள்ளத்தாக்கில் மருந்து அடிக்காத கை எது? இலைப்பேனை விரட்டினோம், காய்ப்புழுவை விரட்டினோம். யார் போக வேண்டும், யார் இருக்க வேண்டும் என்று மருந்துக்கு யார் சொல்லிக் கொடுத்தது? இப்போது தேனீ வேலையை நான் பார்க்கிறேன், என் வேலையை யார் பார்ப்பது?

செப்டம்பர் 13, வெள்ளி

கை எழுதவில்லை. அதைவிடப் பெரிய சேதி.

கிணற்று மோட்டார் ரூமுக்குப் போனேன், எங்கள் முறை. வெளிச்சுவரில் மச்சாண்டாருடைய பழைய ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று தொங்குகிறது. புதிது மாட்டியபோது பழசைக் கழற்றாமல் விட்டுவிட்டார்கள். அதற்குள்ளிருந்து முணுமுணுப்பு. கரண்ட் கசிகிறதோ என்று பயந்து செருப்புக் காலோடு எட்டிப் பார்த்தேன்.

தேனீ. அடுக்குத் தேனீ. வயர் நுழைகிற ஓட்டை வழியாக உள்ளே போவதும் வருவதுமாக இருக்கின்றன. கால்களில் மஞ்சள் பொடி.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கிருந்து வந்தீர்களடா என் தங்கங்களே. யார் உங்களுக்கு வழி சொன்னார்கள்? வாய்விட்டே கேட்டேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 14

இவரிடம் காட்டினேன். அவருக்கும் கண் விரிந்தது. உடனே சுருங்கியது. “பெட்டி அவுகளுது. இன்னைக்கு அவுக முறை. பார்த்தா தீயக் காட்டிருவாக.”

அதுதான் எனக்கும் கவலை. தீ காட்டாவிட்டாலும், பந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் காலையில் மருந்து அடித்தால் போதும், பெட்டி அடங்கிவிடும். போய்ச் சொல்ல அக்காவும் இல்லை. இவர் போக மாட்டார். நான் போய்ப் பேச வழக்கமில்லை. சாமியிடம் சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 16

தேனீக்கள் இருக்கின்றன. தீ காட்டவில்லை. பெட்டியைக் கவனித்திருக்க மாட்டார், கண் பார்வை மங்கிவிட்டது என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

இரும்புப் பெட்டி வெயிலில் கொதிக்குமே என்று சாக்கு எடுத்துக்கொண்டு போனால், ஏற்கனவே ஒரு நனைந்த சாக்கு மேலே போட்டிருக்கிறது. இவருக்கு இவ்வளவு கரிசனமா என்று அதிசயமாக இருந்தது. கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

செப்டம்பர் 19

கை: மூக்குவரை.

சாக்கைப் பற்றி இவர் என்னிடம், “நல்ல வேலை செஞ்ச” என்றார். நான் போடவில்லை என்றேன். காற்றில் பறந்து வந்திருக்கும் என்று முடிவு செய்தோம். பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீரும், தேனீ முழுகாமல் உட்கார இரண்டு குச்சியும் இருக்கிறது. அது எந்தக் காற்றில் வந்ததென்று தெரியவில்லை.

செப்டம்பர் 24

பிஞ்சு நிற்கிறது. நான் தொடாத பூவிலும் பிஞ்சு நிற்கிறது. முள்ளு முள்ளாகப் பச்சைப் பசேலென்று. பந்தலுக்குக் கீழே நின்றால் தலைக்கு மேலே ரீங்காரம். கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். இந்த வருடத்தில் நான் கேட்ட நல்ல சத்தம் இதுதான். நன்றி, நன்றி, நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, எழுதி வைக்கிறேன், சேர வேண்டியவருக்குச் சேரட்டும்.

அந்தப் பக்கம் திராட்சை வியாபாரி வந்து கொத்தைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு போனான். பேரம் படியவில்லை போல.

அக்டோபர் 2

முதல் பறிப்பு. சந்தைக்கு இரண்டு நடை. கை: நெற்றிவரை. இவர் குத்தகைப் பேச்சையே எடுக்கவில்லை. சுகன்யா போனில், “அம்மா, தேனீக்குப் பேர் வச்சியா?” என்கிறாள். ஆயிரம் பேருக்கு எங்கே பெயர் வைப்பது?

அக்டோபர் 11, ஆயுத பூஜை

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் மச்சாண்டார் வீட்டார் பூஜை முடித்துவிட்டுப் போன பிறகு நாங்கள் போனோம். மோட்டாரைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டேன். மண்வெட்டி, ஸ்பிரேயர், கத்தரி எல்லாவற்றுக்கும் பொட்டு. சாம்பிராணி காட்டினேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இந்த வருடம் எங்களுக்குச் சோறு போட்டது எந்த ஆயுதம்? மோட்டாரா, மண்வெட்டியா? தூபக்காலை எடுத்துக்கொண்டு வெளிச்சுவர்ப் பக்கம் போனேன்.

“போதும், விடு” என்றார் இவர். எனக்குப் போதவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்ற வெறி. பெட்டிக்கு நேர் கீழே தூபக்காலைப் பிடித்து, இன்னொரு பிடி சாம்பிராணி போட்டு விசிறினேன். புகை ஓட்டை வழியாக உள்ளே போனது.

முணுமுணுப்பு இரைச்சலானது. அப்புறம் வயர் ஓட்டையிலிருந்தும் இடுக்குகளிலிருந்தும் அவ்வளவு பேரும் வெளியே வந்தார்கள். வானம் கறுத்துச் சுழன்றது. நான் தூபக்காலைப் போட்டுவிட்டுக் கத்தினேன். கும்பிட்டு விரட்டியடித்த ஒருத்தி இந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

கூட்டம் கல்தூண் வரிசையைத் தாண்டித் திராட்சைப் பந்தலுக்குள் போய், கம்பியில் கொத்தாகத் தொங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் போய்விடும். போனால் வராது. கொடியில் இன்னும் பாதிப் பூ இருக்கிறது. நான் அழுதேன்.

அப்போது பார்க்கிறேன், மச்சாண்டார் மருந்து அடிக்கிற ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார். பின்னால் சீனி. மோட்டார் ஓடுகிற சத்தம். அவர் குழாய் முனையைக் கொத்துக்கு நேரே நீட்டினார்.

என் கால் எப்படி வரிசையைத் தாண்டியது என்று தெரியாது. ஒன்பது வருடமாக மிதிக்காத மண். அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். கூப்பிட வாயில் சொல் இல்லை, இருபத்திரண்டு வருடமாக ஒரு சொல் வைத்துக்கொள்ளவில்லையே. என் மகள் அவரைக் கூப்பிடும் பெயர்தான் வந்தது.

“பெரியப்பா, அடிக்காதீங்க. அதுக மேல தப்பில்ல. நாந்தான் புகையப் போட்டு வெரட்டிட்டேன். அடிக்காதீங்க பெரியப்பா.”

அவர் குழாயைத் தாழ்த்தினார். என்னைப் பார்க்கவில்லை, வழக்கம் அப்படி. பக்கத்தில் நின்ற சீனியிடம் சொன்னார்.

“வெறுந்தண்ணின்னு சொல்லுடா.”

ஒரு முழம் தள்ளி நிற்கிற எனக்குச் சீனி பொறுப்பாகச் சொன்னான், “அக்கா, வெறுந்தண்ணியாம்.”

“மேல நனைஞ்சா பறக்காது. அங்கனயே உக்காந்துக்கிரும். செல்போன்ல பாத்தேன்னு சொல்லு.”

“செல்போன்ல பாத்தாராம்க்கா.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மச்சாண்டார் மழைத்தூறலைப் போலப் பொடிப்பொடியாகத் தண்ணீரைத் தெளித்தார். சுற்றிக்கொண்டிருந்தவை எல்லாம் கொத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. சீனியை அனுப்பி ஒரு பெட்டி எடுத்து வரச் சொன்னார். மரப்பெட்டி, உள்ளே சட்டங்கள் வைத்த நிஜத் தேன்பெட்டி. புதுப் பெட்டியின் வாசனை இன்னும் போகவில்லை. இதை எப்போது வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று எனக்குப் புரியவில்லை.

பெட்டியைக் கொத்துக்குக் கீழே ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் கம்பியை உலுக்க வேண்டும். கொட்டினால் முகம் வீங்கும் என்று சீனி எட்டப் போய்விட்டான். நான் கையை நீட்டினேன்.

“அந்தப் புள்ளைக்குக் கை முடியாது” என்றார் மச்சாண்டார். இது சீனியிடம் சொன்னதில்லை. யாரிடம் சொன்னார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். இவர் வரிசைத் தூணைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.

இவர் குனிந்து உள்ளே வந்து, சீனி வைத்துவிட்டுப் போன பெட்டியை எடுத்தார்.

“ஆட்டாமப் பிடிடா” என்றார் அண்ணன்.

“ம்” என்றார் தம்பி.

கம்பி ஒரு உலுக்கு. கொத்து மொத்தமும் பெட்டிக்குள் விழுந்தது. இவருக்குக் காதில் இரண்டு கொட்டு. பெட்டியை வாய்க்கால் மேட்டுப் புங்க மரத்தடியில் வைத்தோம். வெளியே நின்றவையும் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

இவர் இப்போது காதில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு ‘ம்’. இன்றைக்கு அது போதும்.

அக்டோபர் 12

இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். எட்ட நின்றுதான்.

அக்டோபர் 15

மழை. பெட்டிக்கு மேலே தகரம் வைத்திருக்கிறது. இந்தத் தடவை காற்றின் மேல் பழி போடவில்லை. கை: உச்சந்தலையைத் தொட்டேன். பிசியோ பெண் இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றாள்.

அக்டோபர் 18

இந்திராணி அக்கா திருப்பூரிலிருந்து வந்துவிட்டாள். பேரன். கறுப்பாக, கொழுகொழுவென்று இருக்கிறானாம். நேராக எங்கள் வாசலுக்கே வந்தாள், வேலி ஓரமாக இல்லை. நான் அவளிடம் தேன்பெட்டிக் கதையை ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“எனக்குத் தெரியும்டி, அப்பப்ப போன்ல சொல்லிட்டுத்தான் இருந்தாரு. நீ தொட்டிலக் கட்டிக்கிட்டு ஒத்தக் கையால பூத் தொட்டியே, அன்னைக்கு அதப் பாத்துட்டு வந்து சோத்தத் தின்னாம உக்காந்திருந்தாரு உங்க மச்சாண்டார். என்னன்னு கேட்டா, ‘தேனீயெல்லாம் நம்ம மருந்துலதான்டி செத்துச்சு. நாமதான் அந்தப் புள்ள கைய ஒடிச்சிட்டோம்’ன்னாரு. மறுநாளே சீனியக் கூப்பிட்டு, இனிமே காலையில அடிக்காத, பூ மூடுனப்புறம் அடின்னுட்டாரு. தேனீ வந்துச்சா, இலைப்பேன் மருந்தையே நிறுத்திட்டாரு. திராட்சக் கொத்துல பாதி சொறி புடிச்சுப் போச்சு. வியாபாரி வாய்க்கு வந்ததப் பேசிட்டுப் போயிட்டான். பெட்டியக் கூட போடிக்குப் போய் வாங்கியாந்து வச்சிருந்தாரு, பெட்டி மாத்துறப்ப பறந்து போயிருமோன்னு பயந்துக்கிட்டுத்தான் மாத்தாம இருந்தாரு.”

சீனி சோம்பேறி என்று எழுதியிருக்கிறேன். கண் மங்கியதால் பெட்டியைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும், என் புத்தியை நானே பார்த்துக்கொள்ள.

தேனீக்கள் எங்கிருந்து வந்தன என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். எங்கிருந்தோ வந்தன. ஆனால் நின்றது இதனால்தான்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. “தண்ணி குடு” என்றார். குடித்தார். எழுந்து போய் மாட்டுக்குத் தீவனம் போட்டார். மாட்டுக்குப் போட்டு அரைமணிகூட ஆகவில்லை என்று நான் சொல்லவில்லை.

அக்டோபர் 20

காலையில் நாங்கள் இரண்டு பேரும் பறித்துக்கொண்டிருந்தோம். கல்தூண் வரிசைக்கு அந்தப் பக்கம் மச்சாண்டார் வந்து நின்றார். கூடவே சீனி. நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு மரியாதைக்கு ஒதுங்கினேன்.

“பாவக்கா ரெண்டு கெடைக்குமான்னு கேளுடா” என்றார். சீனி என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். மச்சாண்டார் அவனைக் கையால் தள்ளினார்.

“நீ போய்த் தண்ணியத் திருப்பு.” பிறகு என்னைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் இன்றைக்குத்தான் அவர் கண்ணை நான் நேராகப் பார்த்தேன். வெண்திரை படர்ந்த வயதான கண். “ரெண்டு குடும்மா. எனக்குச் சக்கரை. தினம் திங்கச் சொல்லிருக்காங்க.”

“தினம் எங்க வாங்குறீங்க?” என்று கேட்டது நானில்லை. பந்தலுக்குள்ளிருந்து இவர் கேட்டார்.

“சந்தையிலதான்.”

“எத்தன நாளா?”

“ஆச்சு, ஏழெட்டு வருசம்.”

வரிசைக்கு இந்தப் பக்கம் கொத்துக் கொத்தாகக் காய்த்து, முற்றிப் பழுத்து, வெடித்துக்கூட விழுந்திருக்கிறது. அந்தக் காயை இவர் சந்தையில் போட, அவர் சந்தையில் போய் வாங்கித் தின்றிருக்கிறார். சில நாள் எங்கள் காயாகவேகூட இருந்திருக்கும். இவர் தலைக்கு மேலே கையை விட்டுத் தேடித் தேடிப் பறித்தார். பிஞ்சும் இல்லாமல் முற்றலும் இல்லாமல், பார்த்துப் பார்த்து. துண்டில் கட்டிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போனார்.

“இம்புட்டா? ரெண்டு போதும்டா, தினம் வாங்கிக்கிறேன்” என்றார் அவர்.

“கேட்டு வாங்க வேணாம்ண்ணே. வந்து பறிச்சுக்கங்க.”

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தலைப் பார்த்தேன். மேலே பூக்கள் நிறைய இருந்தன, எதையும் நான் தொட வேண்டியிருக்கவில்லை. இந்த வருடம் சாமியிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.